தலைவர் வீட்டு நோர்ம்

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அடையாள அட்டையில் இருந்திருக்கும், தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் இருந்திருக்கும். ஆனால் நான் அந்தத் தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தோட்டத்தை நடத்துகிற துரையிலிருந்து மீன்காரன் வரை எல்லோருக்கும் அவர் தலைவர். அவருடைய மனைவிகூட, "தலைவரு இன்னைக்கு குளிக்கப் போறாரா, இல்ல அதுக்கும் பேச்சுவார்த்த இருக்கா?" என்றுதான் கேட்பார்.

யட்டியாந்தோட்டையிலிருந்து மலைப்பக்கமாக ஏறினால், அடிவாரத்தில் ரப்பரும் அதற்கு மேலே தேயிலையுமாக ஒரு தோட்டம். அங்கிருந்த பள்ளிக்கூடத்துக்கு நான் கணித ஆசிரியையாகப் போனேன். தங்குவதற்கு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு காம்பராவை, ஓர் அறை வீட்டை, கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பரா தலைவருடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டுக் குழம்பில் உப்புக் குறைந்தால் எனக்குத் தெரியும். நான் தனியாகப் புலம்பினால் அவர்களுக்குத் தெரியும்.

தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். பெயருக்கு அவருக்கும் ஒரு வேலை இருந்தது. மலையில் மருந்து அடிப்பது. அந்த மருந்துப் பம்பை அவர் முதுகில் பார்த்தவர்கள் தோட்டத்தில் குறைவு.

அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எதுவுமே சும்மா நடக்காது. ஒரு கோரிக்கை வேண்டும், ஒரு எதிர்த்தரப்பு வேண்டும், நடுவில் பேச்சுவார்த்தை, கடைசியில் ஒப்பந்தம். "மொதல்ல ரேட்டப் பேசணும் டீச்சர், அப்புறந்தான் வேலையப் பேசணும்" என்பார். தண்ணீர்க் குழாயடிச் சண்டையைத் தீர்த்துவைக்கக் கூப்பிட்டால், குடத்தோடு நிற்கும் பெண்களைப் பார்த்து, "ஒங்க மொதலாவது கோரிக்க என்னா?" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "இந்த ஒப்பந்தத்த ரெண்டு தரப்பும் மீறாம, நூறு வருசத்துக்கு நடத்தணும்" என்று வாழ்த்தினார். மாப்பிள்ளை வீட்டார் உடனே கை தட்டினார்கள். பெண் வீட்டார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டினார்கள்.

அம்மனையும் அவர் விட்டுவைக்கவில்லை. சம்பளப் பேச்சு நடந்த ஒரு வருடம், கேட்டது கிடைத்தால் பத்துத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. திருவிழா அன்றைக்கு ஐந்து தேங்காயை உடைத்துவிட்டு, மிச்சம் ஐந்தையும் பையோடு தூக்கிக்கொண்டு கிளம்பினார். பூசாரி பதறிப்போனார்.

"என்னாங்க தலைவரே, சாமி காரியங்க இது!"

"அவங்க பாதி குடுத்தாங்க, நாங்க பாதி ஒடச்சோம். மிச்சத்தக் குடுக்கட்டும், இதையும் கொண்டாந்து ஒடைக்கிறேன். ஆத்தாகிட்ட நீங்களே பேசிப் பாருங்க."

அம்மன் தரப்பிலிருந்து பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் சுவருக்கு மேலாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கேலி செய்கிறேனே தவிர, மனிதர் கெட்டிக்காரர் என்பதை மறைக்கமாட்டேன். ஒரு மழைக்காலம், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் புதிதாக வந்த கிளார்க், தண்ணீர்க் கழிவு என்று சொல்லிப் பெண்கள் பறித்த கொழுந்தில் இஷ்டத்துக்குக் கிலோவை வெட்டிக்கொண்டிருந்தான். தலைவர் மழையில் நன்றாக நனைந்துவிட்டு நேரே வந்து தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தார். "எழுது தம்பி. என் ஒடம்புல தண்ணிக்கு எத்தன கிலோ கழிக்கப்போறன்னு பாப்போம்" என்றார். கழித்துச் சொன்னால் இறங்குவதாகவும் சொன்னார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பையன் அதற்குப் பிறகு அளவாகவே கழித்தான்.

அப்படிப்பட்டவர் இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள் காலை வைத்ததும் துரையாக மாறிவிடுவார் என்பதுதான் விஷயம்.

வீட்டில் மூன்றே பேர். மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், கொழுந்து பறிக்கிறவர். வேகமான கை, குறைந்த பேச்சு. ஒரே மகள் தர்ஷினி, அப்போது பத்தாம் வகுப்பு. என் வகுப்பிலேயே கணக்கு நன்றாக ஓடுகிற பிள்ளை அவள். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வழியான உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவுக்கு அதுவரை யாரும் போனதில்லை. தர்ஷினி போவாள் என்று நான் நம்பினேன். அவள் அதைவிட அதிகமாக நம்பினாள். தலைவரும் நம்பினார், அவருடைய கணக்கில் அது சங்கத்தின் சாதனையாகவும் இருந்தது.

மலையில் எப்படியென்றால், ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுச் சம்பளம். அந்த அளவுக்கு நோர்ம் என்று பெயர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கூடினால் கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் மேல்காசு. இந்த முறையைக் கிழிகிழியென்று கிழித்துத்தான் தலைவர் தலைவரானார். வருடத் தொடக்கத்தில் ஒருநாள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அதே முறையை மகளின் படிப்புக்கு அறிவித்தார்.

"தவணைப் பரீட்சைக்கு அறுபது புள்ளி நோர்ம். அதுக்கு மேல எடுக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் காசு. கணக்குக்கும் இங்கிலீசுக்கும் கூட ரேட்டு. சமயத்துக்கும் சித்திரத்துக்கும் கொறஞ்ச ரேட்டு."

"அது ஏம்பா அதுக்கு மட்டும் கொறவு?" என்றாள் தர்ஷினி.

"அது தட்ட நெலம். கண்ண மூடிக்கிட்டே பறிக்கலாம். கணக்குதான் சரிவு."

"அறுபதுக்கு கொறஞ்சா?"

"அரைப்பேர். ஞாயித்துக்கெழம கோழிக்கறியில பாதிதான்."

இந்தக் காசு எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. அக்கா நோர்முக்கு மேலே பறிக்கிற கிலோவிலிருந்துதான் வரும் என்பது லயத்துக்கே தெரியும். அக்கா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தவணையில் தர்ஷினி பறித்துத் தள்ளிவிட்டாள். கணிதத்தில் எண்பத்தைந்து. தலைவர் சொன்ன சொல் தவறாதவர். இஸ்தோப்பில் வைத்து, பக்கத்து வீடுகளுக்கும் தெரிகிற மாதிரி காசைக் கொடுத்தார். அவள் அதில் பள்ளிக்கூடத்துக்கு நல்ல சப்பாத்து வாங்கிக்கொண்டாள். என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, காசு கொடுத்தால் பிள்ளைகள் படிக்கத்தான் செய்கிறார்கள் என்று நானும் நினைத்தேன்.

அடுத்த தவணை தொடங்கிய வாரம் சுவருக்கு மேலாகத் தலைவரின் குரல் கேட்டது.

"போன தவண எம்பத்தஞ்சு எடுத்தல்ல? அப்ப ஒனக்கு முடியுது. முடியிறவளுக்கு அறுபது எதுக்கு? இனிமே எழுபது நோர்ம்."

சோறு வடித்துக்கொண்டிருந்த நான் கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டேன். ஏனென்றால் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் துரை இதே வார்த்தையைப் பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குக் கூடுகிற இடத்தில், சொல்லியிருந்தார். நல்ல மழை, கொழுந்து கொட்டிய பருவம். "எல்லாருக்கும் பறிக்க முடியுதுதானே, ரெண்டு கிலோ கூட்டுவோம்" என்றார். தலைவர் அதற்கு எழுந்து நின்று பேசிய பேச்சைக் கேட்டு லயத்துக் கிழவிகள்கூட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைநிறுத்தத்துக்கு வந்தார்கள். துரை தன் இரண்டு கிலோவைத் திருப்பி எடுத்துக்கொண்டார். தலைவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மகள் தலையில் வைத்துவிட்டார்.

அந்தத் தவணை நடுவில் வந்த ஒரு விடுமுறை நாளில் தர்ஷினி அம்மாவோடு சும்மா மலைக்குப் போய் வந்தாள். அங்கே வேறு டிவிசனிலிருந்து கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண், கை வேகத்தைக் காட்டிக்கொண்டு பறித்திருக்கிறாள். பழைய பெண்கள் அவளை நடுமலையில் நிறுத்தி, "ஏ புள்ள, மெதுவா. இன்னைக்கு நீ காட்டுற கையி, நாளைக்கு எங்க எல்லாருக்கும் நோர்மா வந்து நிக்கும். அளவப் பறிச்சமா, எறங்குனமான்னு இரு" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாடத்தை அந்தப் பெண்களுக்குச் சங்கக் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தவர் நம் தலைவர்தான்.

அந்தத் தவணை தர்ஷினிக்குக் கணிதத்தில் எழுபது. விஞ்ஞானத்தில் எழுபத்தொன்று. இங்கிலீஷில் எழுபது. தட்ட நிலமான சமயத்திலும் எழுபது. நான் கணக்கு ஆசிரியை, சொல்கிறேன்: நூறு எடுப்பதற்கு வேண்டிய திறமையைவிட, சரியாக எழுபதில் நிறுத்துவதற்கு அதிகத் திறமை வேண்டும். அவள் விடைத்தாளில் கடைசிக் கேள்விகளுக்கு இடம் விட்டிருந்தாள், பேனை பட்ட அடையாளமே இல்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"இது தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் டீச்சர்."

"அப்ப ஏன் போடல?"

"போட்டா அடுத்த தவண எம்பது நோர்மாயிரும் டீச்சர்."

கோபத்தோடு பார்த்தேன். அவள் முகத்தில் குறும்பு எதுவுமில்லை. வேலை முடித்து இறங்கி வருகிற பெண்களின் முகத்தில் இருக்கிற அதே அமைதிதான் இருந்தது.

தலைவர் செய்வதைப் பார்த்து மற்றவர்களும் செய்வது தோட்டத்து வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் அதே நோர்ம் வந்தது. காசு இல்லாதவர்கள் பேக்கரிப் பணிஸ் கொடுத்தார்கள். ஒருவர் கடனுக்கு மேல்காசு சொல்லிவிட்டு மகனைக் கண்டால் ஒளிந்துகொண்டு திரிந்தார். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? தர்ஷினி காட்டிய வழியில் எல்லோரும் நோர்மோடு பேனையை வைத்தார்கள். மூன்றாம் தவணையில் என் வகுப்பில் கெட்டிக்காரனும் சராசரியும் ஒரே உயரத்தில் வந்து நின்றார்கள். கத்தரி போட்டு வெட்டிய வேலி மாதிரி இருந்தது புள்ளிப் பட்டியல்.

கல்வி வலய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். பட்டியலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மேக்க ஹரி புதுமய்னே, டீச்சர்" என்றார். விசித்திரம்தான், நானும் ஒப்புக்கொண்டேன். பார்த்து எழுதினார்களா என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து என்னைப் பாராட்டினார். ஒரு பிள்ளையைக்கூடப் பின்தங்க விடாமல் வகுப்பு முழுவதையும் சமமாக உயர்த்தியிருக்கிறேனாம். மற்றப் பள்ளிகளுக்கும் இதைச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்.

அன்று பின்னேரம் நான் தலைவரிடம் சண்டைக்குப் போனேன். அடுத்த வருடம் ஓ.எல் என்கிற சாதாரண தரப் பரீட்சை, உயர்தரத்துக்குப் போகிற வழி அதுதான். தவணைப் பரீட்சை போகட்டும், ஓ.எல்லில் இப்படி நிறுத்தினால் பிள்ளையின் கணிதப் பிரிவு கனவு அதோடு சரி.

"படிக்கிறதுக்குக் காசு குடுக்கிறத நிப்பாட்டுங்க தலைவரே. படிப்பு வேற, கூலி வேற" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "நீங்க சம்பளம் வாங்காமத்தான் படிச்சுக் குடுக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"நான் வேலைக்கு வந்தவ. அவ ஒங்க மக."

"எல்லாத் தொரையும் அதத்தான் சொல்றான். 'இது நம்ம தோட்டம், நம்ம குடும்பம் மாதிரி பாருங்க'ங்கிறான். எங்க குடும்பம்னு பேச்சு வருதோ அங்க சம்பளம் கொறையும். என் புள்ள செய்யிற வேலைக்கு நான் கூலி குடுக்கிறேன். அவ சும்மா ஒழைக்க வேணாம். இது தப்பா?"

அவர் ஏமாற்றுகிறவரில்லை, நம்பித்தான் பேசினார். தன் தகப்பனும் தாயும் சும்மா உழைத்ததைப் பார்த்தவர். தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையைத்தான் மகளுக்குச் செய்துகொண்டிருந்தார். அதனாலேயே அவரோடு வாதாடுவது கஷ்டமாக இருந்தது.

"அப்ப ஏன் நோர்ம கூட்டுனீங்க?" என்றேன்.

"உற்பத்தி கூடுனா நோர்ம் கூடத்தான் செய்யும்" என்றார்.

அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. அக்கா வெளியே வந்தார்.

"டீச்சர், நாளைக்கு ஒங்க காம்பராவக் கொஞ்சம் தாங்க. எங்களுக்கு ஒரு பேச்சுவார்த்த இருக்கு."

மறுநாள் என் சின்ன மேசையின் ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் அக்காவும் தர்ஷினியும் உட்கார்ந்தார்கள். நடுநிலை இடம் என்பதால் எனக்கு உட்கார இடமில்லை, கட்டிலில் ஏறிக்கொண்டேன். தலைவர் வழக்கமாகத் துரையைப் பார்க்கப் போகும்போது போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இருவரையும் பார்த்துச் சிரித்தார். பழக்கதோஷத்தில், "ஒங்க மொதலாவது கோரிக்க என்னா?" என்றார்.

"நோர்ம எடுக்கணும்" என்றார் அக்கா.

"அது எப்பிடி? நோர்ம் இல்லாட்டி வேல நடக்குமா?"

"நோர்ம் இருந்தா வேல நோர்மோட நிக்கும். அன்னைக்கு பெரட்டுல யாரு சொன்னது? நானா சொன்னேன்?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டாவது, புள்ளிக்குக் காசு வேணாம். அந்தக் காசு என் கையி பறிச்ச காசு. அத வச்சி சனிக்கெழம டவுனுக்கு டியூசனுக்கு அனுப்பணும். புள்ளி வந்தாலும் வராட்டியும் அனுப்பணும்."

"அதாவது, உற்பத்தி இல்லாம சம்பளம்!"

"நாட்சம்பளம். அதத்தான் நீங்க தொரைகிட்ட கேக்கிறீங்க. மழ பெஞ்சாலும் வெயிலடிச்சாலும் மனுசன் சாப்பிடணும்னு நீங்க சொல்லல?"

தலைவருக்கு வியர்த்துவிட்டது. எதிர்த்தரப்பில் உட்கார்ந்த பழக்கம் அவருக்கு இல்லை. "நெலமைய வெளங்கிக்கிறணும். தேயில வெல எறங்கிக் கெடக்கு, கம்பனி நட்டத்துல…" என்று பாதி சொன்ன பிறகுதான் தான் யாருடைய வாயால் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. தர்ஷினி சிரித்துவிட்டாள். நான் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

"மூணாவது," என்றார் அக்கா, "பரீட்ச முடியிற வரைக்கும் நம்ம இஸ்தோப்புல சங்கக் கூட்டம் கூடாது. புள்ளைக்குப் படிக்க எடமில்ல."

"சங்கத்தையே வெளிய தள்ளுறியா?" என்று எழுந்துவிட்டார். வாசல் வரை போனார். அப்படிப் போவது பேச்சுவார்த்தையில் ஒரு கட்டம், திரும்பிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அக்கா கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்று மழையைப் பார்த்துவிட்டு அவரே திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒப்பந்தம் முடிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கை குலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்டதைப் பார்த்து எனக்கு அவர் மேல் உண்மையான பாசம் வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மீறவில்லை. சனிக்கிழமை காலையில் பஸ் காசை எடுத்து வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விடுவார். சங்கக் கூட்டத்தை ஒழுகுகிற மடுவத்துக்கு மாற்றினார். சப்ரகமுவ மாகாணத்து மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, காலில் ஏறுகிற அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே தொழிலாளர் உரிமை பேசினார். "வீட்டுல எடமில்லையா தலைவரே?" என்று யாராவது கேட்டால், "எதிர்த்தரப்பு ரொம்பப் பலம்" என்பார்.

தர்ஷினி ஓ.எல் எழுதினாள். பெறுபேறு வந்த அன்றைக்கு, போனில் சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவில் நாங்கள் எல்லோரும் நின்றோம். ஒவ்வொரு பாடமாகப் பார்த்தோம். ஏ, ஏ, ஏ என்று வந்துகொண்டே இருந்தது. கணிதத்துக்கு மட்டும் பீ, ஏ-க்கு வேண்டிய எழுபத்தைந்துக்குக் கீழே.

எனக்கு விழுந்த அடி மாதிரி இருந்தது. அவளுக்கு நன்றாக ஓடுகிற பாடம் அது, நான் சொல்லிக்கொடுத்த பாடம். கணிதப் பிரிவு இருக்கிற டவுன் பள்ளிக்கூடம், கணிதத்தில் ஏ இல்லாமல் அந்தப் பிரிவுக்கு எடுக்காது.

"கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கடைசிக் கேள்விங்க தெரியும். நேரமும் இருந்துச்சு. எழுபதுக்கு வந்திருச்சுன்னு மனசு சொல்லுச்சு. கையி நின்னுருச்சு. மறுபடி எழுதப் பாத்தேன், ஓடல."

தலைவர் பக்கத்தில்தான் நின்றார். நோர்மை எடுத்து ஒரு வருடமாகிவிட்டது. கைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது, திரும்பினேன். அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். எதற்கும் எழுந்து நின்று பேசுகிற மனிதர். முகம் வெளிறிப்போயிருந்தது. என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் கையி மறுபடி ஓடுமா டீச்சர்?"

"பழக்கினா ஓடும்" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

இரண்டாம் தடவை எழுதி ஏ எடுத்தால் சேர்த்துக்கொள்வதாக டவுன் பள்ளிக்கூடத்து அதிபர் சொன்னார். அதற்காக ஒரு வருடம் போயிற்று. அவளோடு படித்தவர்கள் உயர்தர வகுப்பில் உட்கார, அவள் என் காம்பராவில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நான் அவளுடைய தாள்களுக்குப் புள்ளியே போடவில்லை. சரி, பிழை என்று மட்டும் போட்டேன். எங்கே நிற்கிறாள் என்று தெரியாவிட்டால் நிற்கமாட்டாள் என்பது என் எண்ணம். ஆரம்பத்தில் கொஞ்சம் எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். "எழுது" என்பேன். மறுபடி எடுப்பாள். பல நாள் அப்படித்தான் போனது.

தலைவருக்கு அந்த வருடம் பெரிய தண்டனை. வாசலில் வந்து நிற்பார். "இன்னைக்கு எத்தன…" என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். அக்கா ஒரு பார்வை பார்ப்பார். "…எத்தன மணிக்கு மழ புடிக்கும்னு நெனைக்கிறீங்க டீச்சர்?" என்று முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

பரீட்சை அன்றைக்கு நானும் அவர்களோடு டவுனுக்குப் போனேன். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு ஒரு சிங்களப் பள்ளிக்கூடத்தில் மண்டபம். கேட்டுக்கு வெளியே தாய் தகப்பன்மார் கூட்டம். ஒருவர் மகனிடம் ஏ எடுத்தால் போன் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளைக் கேட்டின் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்.

"நிப்பாட்டாத. தெரிஞ்சது பூரா எழுது" என்றார்.

"சரிப்பா."

"மணி அடிச்சாலும் எழுது. மத்தத நான் பேசிக்கிறேன்."

அவள் உள்ளே போனாள். நாங்கள் மரத்தடியில் நின்றோம். அக்கா சேலை முந்தானையைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பரீட்சை முடிகிற நேரம் நெருங்க நெருங்க ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் தர்ஷினி முதல் ஆளாக வருவாள். கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மணி அடித்தது. அப்போதும் வரவில்லை.

தலைவர் நேரே காவலாளியிடம் போய்விட்டார். "மஹத்தயா, தவ விநாடி பஹக் தென்ன" என்று ஆரம்பித்தார். இன்னும் ஐந்து நிமிடம் வேண்டுமாம், சிங்களத்தில் விநாடி என்றால் நிமிடம். மழையில் பஸ் பிந்தியதாகவும், உள்ளே இருப்பது தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்றும், இது சலுகையல்ல உரிமை என்றும் சுத்தமான சிங்களத்தில் அடுக்கிக்கொண்டே போனார். காவலாளி கேட்டுக்குப் பொறுப்பானவனே தவிரப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் பொறுப்பானவனில்லை. அவன் பாவம், கையை விரித்துக்கொண்டு நின்றான்.

அவன் தோளுக்குப் பின்னால் தர்ஷினி வந்தாள். கடைசி ஆள். விரலெல்லாம் மை. வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்பா. பூராவும். போதும், நீங்க நிப்பாட்டுங்க."

அவர் நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யட்டியாந்தோட்டை பஸ் வரும்வரைக்கும் காவலாளியிடம் பேசிக்கொண்டேதான் இருந்தார்.